அடிக்கடி முடங்கும் அலுவலக சர்வர்: ஆன்டிவைரஸையும் கவனியுங்கள்

திங்கட்கிழமை வேகமாக ஓடும் சர்வர் வியாழக்கிழமை ஆமையாகிவிடுகிறது. அணைத்துத் திறந்தால் சரியாகிறது. சில நாளில் மீண்டும் அதே கதை. 15ஆம் தேதிக்குள் இபிஎஃப், சொக்சோ சந்தா கட்ட வேண்டிய நேரத்தில் இப்படி முடங்கினால், சிறு நிறுவனங்கள் திண்டாடிப் போகும். பலர் உடனே காசு கொடுத்துக் கூடுதல் ரேம் வாங்கிப் போடுகிறார்கள். நினைவகம் கசிகிறது என்றால் அது வீண் செலவு.

கசிவு என்றால் என்ன? கோயில் மண்டபத்தில் பாத்திரம் இரவல் வாங்குபவர், வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். தராமலே போனால் ஒருநாள் மண்டபத்தில் பாத்திரமே இருக்காது. சர்வரில் ஒவ்வொரு கோப்பு திறக்கப்படும்போதும் ஆன்டிவைரஸ் அதைச் சோதிக்கிறது. அதற்குக் கொஞ்சம் நினைவகம் வாங்குகிறது. நிரலில் கோளாறு இருந்தால் அதைத் திருப்பித் தருவதில்லை. பலர் பகிர்ந்து பயன்படுத்தும் சர்வரில் நாள் முழுக்கக் கோப்புகள் திறக்கப்படுவதால் கசிவும் விரைவில் பெருகும்.

டாஸ்க் மேனேஜரில் எந்த நிரலும் அதிக நினைவகம் எடுப்பதாகத் தெரியாமலும் இருக்கலாம். காரணம், ஆன்டிவைரஸின் டிரைவர் விண்டோஸின் அடித்தளத்தில் இயங்குகிறது. அது வாங்குவது ‘நான்-பேஜ்ட் பூல்’ என்ற கணக்கில் சேரும். பழைய 32-பிட் விண்டோஸ் சர்வர் 2003இல் இதற்கு உச்சவரம்பு 256 மெகாபைட்தான். அது தீர்ந்தால் ஈவென்ட் வியூவரில் 2019 என்ற எண்ணில் பிழை பதிவாகும். இன்றைய 64-பிட் சர்வர்களில் வரம்பு மிகப் பெரிது. அதனால் கசிவு மற்ற ரேமையும் விழுங்கிவிடும்.

கண்டுபிடிப்பது எப்படி? டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’, அதில் ‘மெமரி’ பகுதிக்குச் செல்லுங்கள். நான்-பேஜ்ட் பூல் அளவைத் தினமும் ஒரே நேரத்தில் குறித்து வையுங்கள். யாரும் வேலை செய்யாத இரவிலும் குறையாமல், நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால் கசிவு என்று சந்தேகிக்கலாம். எஸ்.கியூ.எல். சர்வர் போன்ற தரவுத்தள மென்பொருள் நிறைய நினைவகத்தைப் பிடித்து வைத்திருப்பது இயல்பு. அதைக் கசிவென்று எண்ண வேண்டாம். எந்த டிரைவர் குற்றவாளி என்பதை மைக்ரோசாஃப்டின் ‘பூல்மோன்’ என்ற இலவசக் கருவியைக் கொண்டு உங்கள் கணினி வல்லுநர் கண்டறியலாம்.

ஆன்டிவைரஸ்தான் காரணம் என்று தெரிந்தால், அந்த மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவுங்கள். தினமும் தானாக வரும் வைரஸ் பட்டியல் மட்டும் டிரைவர் கோளாறைச் சரிசெய்துவிடாது. சோதனைக்காகத் திரையின் ஓரத்தில் உள்ள சின்னத்தை அழுத்தி நிறுத்தினாலும் டிரைவர் உள்ளேயே இருக்கக்கூடும். முழுதாக நீக்கிப் பார்த்தால்தான் உறுதியாகும். அதற்கு முன் தரவுகளை நகலெடுத்து வையுங்கள். இணையத் தொடர்பையும் துண்டித்துவிடுங்கள்.

சோதனை முடிந்ததும் சரியான பதிப்பையோ வேறு ஆன்டிவைரஸையோ கட்டாயம் நிறுவ வேண்டும். கசிவுக்குப் பயந்து பாதுகாப்பில்லாமல் விட்டால், இழப்பது நினைவகம் அல்ல; மொத்தக் கணக்கும்தான்.