கட்டணமில்லாப் பள்ளியும் எல்லைத் தமிழரும்

கேரள மாநிலம் உருவான மறு ஆண்டே, அதாவது 1957 ஏப்ரலில், ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் ஆட்சிக்கு வந்த கம்யூனிஸ்ட் கட்சி, இலவசக் கல்வி என்பதைப் பள்ளிக் கட்டணத் தள்ளுபடியாக மட்டும் பார்க்கவில்லை. ஆசிரியருக்குச் சம்பளம் தருவது யார், அவரை நியமிப்பது யார், பள்ளியை மூட யாருக்கு உரிமை உண்டு என்ற மூன்று கேள்விகளையும் அதனோடு சேர்த்தே எழுப்பியது. கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி அந்த ஆண்டு ஜூலையில் சட்டமன்றத்தில் வைத்த கல்வி மசோதா இந்தக் கேள்விகளுக்கான விடைதான்.

அன்று பள்ளிகளில் பெரும்பகுதி எய்டட் பள்ளிகள். தனியார் மேலாளர் நடத்த, அரசு மானியம் தரும் பள்ளிகளுக்கு அப்பெயர். பதிவேட்டில் ஆசிரியர் கையெழுத்திடும் தொகை ஒன்றாகவும் கையில் வாங்கும் தொகை வேறாகவும் இருப்பது பரவலான குறையாக இருந்தது. மசோதா, சம்பளத்தை அரசே ஆசிரியருக்கு நேரடியாக வழங்கவும், அரசுப் பணியாளர் தேர்வாணையம் தயாரிக்கும் பட்டியலிலிருந்தே மேலாளர் ஆசிரியரை நியமிக்கவும், தொடக்க வகுப்புகளில் கட்டணம் வாங்கக்கூடாதெனவும் விதித்தது. கிறித்தவச் சபைகளும் நாயர் சேவைச் சங்கமும் எதிர்த்தன. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். 1958 மே 22 அன்று வந்த பதில் பலரும் எதிர்பாராதது. தெருவில் பெரும் சண்டைக்குக் காரணமான நியமன விதிகளை நீதிமன்றம் தயக்கத்தோடு ஏற்றுக்கொண்டது. சிறுபான்மையினர் பள்ளிகளைப் பொறுத்தவரை, பள்ளியை அரசு எடுத்துக்கொள்ளும் விதிகளிலும், ஏழைக்கு நேரடியாக உதவக்கூடிய கட்டண ஒழிப்பிலும்தான் குறை கண்டது. திருத்தத்தோடு சட்டம் நிறைவேறியது. ஆனால் விமோசனப் போராட்டம் எனப்பட்ட கிளர்ச்சியைத் தொடர்ந்து, 1959 ஜூலை 31 அன்று அமைச்சரவையே கலைக்கப்பட்டது.

இந்தச் சட்டம், தமிழ்நாட்டை ஒட்டிய கேரளப் பகுதிகளில் வாழும் எல்லைத் தமிழருக்கு என்ன செய்தது என்பதை அறிய, 1949க்கு முந்தைய வரைபடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். பாலக்காடும் அட்டப்பாடியும் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தன. பக்கத்துச் சிற்றூர் தாலுகா கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தன. மூன்று ஆட்சிகளின் பள்ளி நடைமுறைகளையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது 1958ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே. தேவிகுளம் கம்யூனிஸ்ட் கட்சிக்கு முக்கியமான தொகுதியாகவும் இருந்தது. அங்கு வென்ற ரோசம்மா புன்னூஸின் தேர்தலை நீதிமன்றம் செல்லாதென அறிவித்தபின், 1958 இடைத்தேர்தலில் அவர் மீண்டும் வென்றார். அவ்வெற்றி தேயிலைத் தோட்டத் தமிழரின் வாக்கின்றி நடந்திருக்க முடியாது.

ஆயினும் தோட்டத்தில் பள்ளி நின்றதற்கு வேர், கல்விச் சட்டத்தைவிடத் தொழிலாளர் சட்டத்தில்தான் இருந்தது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் முதலாளியே கல்வி வசதி செய்து தரும்படி விதி வகுக்க மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொடக்கப் பள்ளி இப்படி அமைந்தது. அதைத் தாண்டியதும் பிள்ளை மூணாறுக்கோ வண்டிப்பெரியாறுக்கோ இறங்கிவர வேண்டும்; தாய் விடியலிலேயே கொழுந்து பறிக்கப் போய்விடும் வீட்டில், கட்டணமில்லாத பள்ளிக்கும் வண்டிக்கூலி உண்டு.

இன்னொரு இடர் கணக்கில் இருக்கிறது. கேரளத்தில் பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் தலைகளை எண்ணி, அந்த எண்ணிக்கையைக் கொண்டே ஆசிரியர் பணியிடங்களை நிர்ணயிக்கிறார்கள். மலைத் தோட்டத்திலோ சிற்றூர் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலோ ஓரிரு குடும்பங்கள் பிழைப்புக்காகத் தமிழ்நாட்டுப் பக்கம் நகர்ந்துவிட்டால் தமிழ் வழிப் பிரிவின் எண்ணிக்கை குறைந்து, ஆசிரியர் இடம் ஆட்டம் காண்கிறது. பிள்ளைகள் குறைந்த பள்ளிக்குக் கேரளத்தில் ‘ஆதாயமற்ற பள்ளி’ என்று பெயர். கல்வியை விலையற்றதாக்கிய மாநிலத்தில் இப்படியொரு கடைக்காரச் சொல் எப்படி நிலைத்தது என்பது வியப்புதான்.

1956இல் அரசியலமைப்பில் சேர்ந்த 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்வி தர மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. முயல வேண்டும் என்ற சொல்லே நெகிழ்வானது. 2017இல் இடது முன்னணி அரசு, பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கத்தை ஜனவரியில் தொடங்கிப் பள்ளிக் கட்டடங்களுக்கும் கணினி வகுப்பறைகளுக்கும் பெரும் முதலீடு செய்தது. சில மாதங்களிலேயே பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கும் சட்டத்தையும் கொண்டுவந்தது. மாநில மொழியைப் பிள்ளைகள் கற்பதில் தவறில்லை. சிற்றூர்ச் சந்தையிலும் தாலுகா அலுவலகத்திலும் அது தேவைதான். ஆனால் தமிழ் வழியில் கணக்கும் அறிவியலும் சொல்லித்தரும் ஆசிரியர் இடம் காலியாகக் கிடந்தால், அந்தக் குறையை மலையாளப் பாடவேளை ஈடுகட்டாது.

பத்தாம் வகுப்பு வரை பாடநூல் தமிழில் கிடைக்கிறது, பொதுத்தேர்வையும் தமிழில் எழுதலாம். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்ததும் இயற்பியலும் வணிகவியலும் ஆங்கில நூலாக மாறிவிடுகின்றன; அதற்கும் பெரிய கட்டணம் இல்லை.