தாய்மார்க்கு ஓர் எளிய தேகப்பயிற்சி

இருமும்போதும், நீர்க்குடத்தையோ நூற்கட்டையோ தூக்கும்போதும் சிறுநீர் கசிவதைப் பிள்ளை பெற்ற பெண்கள் பலர் வெட்கத்தால் வெளியே சொல்வதில்லை. இஃது ஊழ்வினையன்று. சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்பு அடித்தளத் தசைகள் பிரசவத்தில் தளர்வதே பெரும்பாலும் காரணம்.

அத்தசைகளைப் பயிற்சியால் வலுப்படுத்தலாம் என்று அமெரிக்கப் பெண்நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார்.

முறை எளிது. சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல் அத்தசைகளை இறுக்கி, சில வினாடிகள் நிறுத்தி, பின்னர் முற்றும் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கலாகாது. வேளைக்கு 8 முறை, நாளைக்கு 3 வேளை, 3 மாதமேனும் செய்தல் வேண்டும். தறியில் அமர்ந்தபடியும் செய்யலாம். சிறுநீர் கழிக்கையில் செய்யலாகாது.

வலியோ கருப்பை இறக்கமோ இருப்பின் முதலில் மருத்துவரைக் காண்க. அங்கத்தினர்கள் இதனைத் தம் இல்லத்துப் பெண்டிர்க்கும் எடுத்துரைப்பார்களாக. சொல்லாமல் பொறுத்திருத்தல் மருந்தாகாது.