கோழிகளின் வேலை நிறுத்தம்

கார்த்திகை பிறந்துவிட்டால் சேலத்தில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். ஒன்று, ஏற்காட்டு மலை தலையில் மேகத்தைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். இன்னொன்று, அஸ்தம்பட்டிக் கொல்லைப்புறங்களில் இருக்கிற கோழிகள் ஒன்று சொன்னாற்போல் வேலை நிறுத்தம் செய்துவிடும். முன்னறிவிப்பு கிடையாது, கோரிக்கை மனு கிடையாது. நேற்று வரையில் நாலு முட்டை இருந்த கூடையில் இன்று காலையில் வைக்கோல்தான் இருக்கும்.

முட்டை சேர்க்காத வீட்டுப் பெண்மணிகள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு நேரே தொடர்கதைக்குப் போய்விடலாம். மற்றவர்கள் கொஞ்சம் இருங்கள். ஏனென்றால் இந்த மாதங்களில் கோழி முட்டை விடாமல் போவதில் நஷ்டப்படுவது கூடை மட்டுமல்ல. பல வீடுகளில் கோழியின் உயிரே போய்விடுகிறது. எங்கள் வீட்டிலும் ஒரு கார்த்திகையில், ஆறு கோழிகளில் கருப்பி என்ற கோழிக்குத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. "ஏம்மா, முட்டை போடாத கோழிக்கு எதுக்குத் தீனி? வர்ற ஞாயித்துக்கிழமை குழம்பு வெச்சுடலாம்" என்றார் என் மாமியார். "ரெண்டு வாரம் பொறுங்க அத்தே" என்று வாய்தா வாங்கினேன். அந்த இரண்டு வாரத்தில் நான் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், குளிர்தான் காரணம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். மேல்நாட்டுப் புத்தகங்களில் கோழிக்கூட்டைக் கதகதப்பாக வைக்கச் சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். அங்கே பனி பெய்கிறது, தண்ணீர் உறைகிறது. நமக்கு மார்கழி விடியற்காலையிலும் வெப்பம் பெரும்பாலும் 18, 19 டிகிரிக்கு அருகில்தான் நிற்கும். கோழியின் உடம்புச் சூடோ 41 டிகிரி. மேலே இயற்கை கொடுத்த இறகுப் போர்வை. நமக்குக் கம்பளி வேண்டியிருக்கிறதே என்று அதற்கும் வேண்டும் என்று நினைப்பது அன்பு; அவ்வளவுதான்.

உண்மையான காரணம் வெளிச்சம். கோழியின் முட்டைப்பைக்கு உத்தரவு போடுவது அதன் மூளை. வெளிச்சம் கண் வழியாக மட்டுமின்றி, மெல்லிய மண்டையோட்டை ஊடுருவியும் மூளைக்குள் போய்ச் சேருகிறது. கண் தெரியாத கோழிக்குக்கூடப் பகலின் நீளம் தெரியும். பகல் நீண்டிருந்தால் "முட்டையிடு" என்றும், குறுகினால் "ஓய்வெடு" என்றும் உத்தரவு பிறக்கிறது. நல்ல முட்டைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 14 மணி நேர வெளிச்சம் வேண்டும் என்பது கோழிப் பண்ணைக்காரர்கள் கணக்கு. சேலத்தில் மார்கழிப் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு.

இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் தெற்கே போனால் நாமக்கல். 1997 வரையில் அதுவும் சேலம் ஜில்லாவாகத்தான் இருந்தது. அங்கே பெரிய கொட்டகைகளில் வெள்ளைக் கோழிகள் தினந்தோறும் கோடிக்கணக்கில் முட்டையிடுகின்றன. அவற்றுக்கு மார்கழியும் சித்திரையும் ஒன்றுதான். ஏன்? விளக்கு! இருட்டில் கொட்டகைக்குள் மின்விளக்கு எரிந்து பகலை நீட்டி விடுகிறது. ஒவ்வொரு கோழியும் வருஷத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடுகிறது என்றால் ஜாதியும் தீனியும் ஒரு காரணம், இந்த விளக்கு இன்னொரு காரணம். நம் நாட்டுக் கோழி வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டை இட்டால் பெரிது. அதையும் வெள்ளைக் கோழியையும் ஒப்பிட்டுப் பெருமூச்சு விடுவதில் பயனில்லை.

சரி, நம் கொல்லையில் என்ன செய்யலாம்? ஒரு சிறிய எல்.இ.டி. பல்பு போதும். மனிதர் பத்திரிகை படிக்கிற அளவுக்கு வெளிச்சம் இருந்தால் கோழிக்குத் தாராளம். ஆனால் மாலையில் போடாதீர்கள், விடியற்காலையில் போடுங்கள். மாலையில் போட்டுவிட்டுத் திடீரென்று அணைத்தால், தரையில் நிற்கிற கோழி இருட்டில் கிளைக்கு ஏறத் தெரியாமல் தடுமாறி அங்கேயே சுருண்டுவிடும். விடியற்காலை விளக்கில் அந்தக் கஷ்டம் இல்லை. அணைக்கும்போது சூரியன் வந்திருப்பான். மார்கழியில் கோலம் போட எப்படியும் நாலரை மணிக்கு எழுந்திருக்கப் போகிறீர்கள். வாசல் விளக்கோடு கூட்டு விளக்கையும் போட்டுவிட்டால் ஆயிற்று! நாலரை மணியிலிருந்து பொழுது சாயும் வரை பதின்மூன்றரை மணிக்குக் குறையாத பகல் கிடைத்துவிடும். ஒன்று முக்கியம்: ஆரம்பித்தால் தினமும் அதே நேரம். இன்று போட்டு, நாளை தூங்கிப் போய், மறுநாள் போட்டால் கோழி குழம்பிப் போய் இறகை உதிர்க்க ஆரம்பித்துவிடும். விடியற்காலையில் எழ மனமில்லாதவர்களுக்கு, தானாக எரிந்து அணையும் டைமர் ஸ்விட்சுகள் மின்சாமான் கடைகளில் கிடைக்கின்றன.

இறகு என்றதும் கருப்பி நினைவுக்கு வருகிறாள். அவள் கழுத்தும் முதுகும் மொட்டையாகி, பார்க்கச் சகிக்காமல் இருந்தாள். வியாதி என்றே நினைத்தோம். வியாதியில்லை, பழைய இறகு போய்ப் புது இறகு முளைக்கிற காலம். வருஷத்துக்கொரு முறை, பகல் குறுகும் பருவத்தில் ஒரு வயதைத் தாண்டிய கோழிகளுக்கு இது வருகிறது. இறகு என்பது ஏறக்குறைய முழுவதும் புரதம். உடம்பிலுள்ள புரதத்தையெல்லாம் சட்டை தைக்கச் செலவழித்துக்கொண்டிருக்கிறவளிடம் முட்டை எங்கே என்று கேட்டால் என்ன சொல்லுவாள்? இரண்டு, மூன்று மாதம் ஆகும். இந்தச் சமயத்தில் முட்டை இல்லையே என்று தீனியைக் குறைக்கிற வீடுகள்தான் அதிகம். கூட்ட வேண்டிய சமயம் அதுதான்.

ஆகவே கத்தியை எடுக்கும் முன் விரலை நீட்டிப் பாருங்கள். கோழியைப் பிடித்து, வால் பக்கத்தில் இடுப்பு எலும்பு முனைகள் இரண்டுக்கும் நடுவே விரல்களை வையுங்கள். இரண்டு, மூன்று விரல் தாராளமாக நுழைந்து, கொண்டையும் சிவந்து மெத்தென்றிருந்தால் அது முட்டையிடும் கோழி. வேலிப்புதரில் திருட்டுத்தனமாக இட்டுக்கொண்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஒரு விரல்கூட நுழையாமல், கொண்டை வெளுத்துச் சுருங்கியிருந்தால் ஓய்வில் இருக்கிறது. ஓய்வு வேறு, ஓய்வு பெற்றுவிடுவது வேறு. அவயத்துக்கு உட்கார்ந்திருக்கிற கோழியும் முட்டையிடாது. குஞ்சு வேண்டாமென்றால், அதன் மூக்கில் இறகைக் குத்துவது, தண்ணீரில் முக்குவது என்ற கொடுமையெல்லாம் வேண்டாம். அடியில் காற்றோட்டமுள்ள கம்பிவலைக் கூண்டில், வைக்கோல் இல்லாமல், தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று, நாலு நாள் விட்டால் தெளிந்துவிடும்.

இனி தீனி விஷயம். இதில்தான் நாம் எல்லாரும் தப்புச் செய்கிறோம். மிஞ்சின சோறு, அரிசிக் குருணை, சேலத்துக்காரர்களானால் ஜவ்வரிசி ஆலையிலிருந்து வருகிற மரவள்ளித் திப்பி. எல்லாம் மாவுச் சத்து. கோழி கொழுக்கும், முட்டை வராது. கோழிக்குள் கொழுப்பு அடைத்துக்கொண்டால் வருகிற முட்டையும் நின்றுவிடும். திப்பி போடவே கூடாதென்று சொல்லவில்லை. நன்றாகக் காய்ந்ததாகக் கொஞ்சம் கலக்கலாம். பச்சை மரவள்ளித் தோலை மட்டும் கொல்லையில் எறியாதீர்கள். அதில் விஷச்சத்து உண்டு.

வீட்டிலேயே கலக்க நான் வைத்திருக்கும் கணக்கு இது. பத்துக் கிலோவுக்கு, உடைத்த மக்காச்சோளமும் கம்புமாக 6 கிலோ, தவிடு ஒன்றரைக் கிலோ, கடலைப் புண்ணாக்கு ஒன்றரைக் கிலோ, கருவாட்டுத் தூள் முக்கால் கிலோ, கால்நடை மருந்துக் கடையில் கோழிக்கென்று விற்கிற தாது உப்புக் கலவை கால் கிலோ. இதில் புரதம் நூற்றுக்குப் பதினேழு அளவில் நிற்கும். முட்டையிடுகிற கோழிக்கு அதுதான் வேண்டும். ஒரு கோழிக்கு நாளைக்கு 100 கிராம் என்று வைத்தால், ஆறு கோழிக்குப் பத்துக் கிலோ பதினாறு நாள் வரும். மேய்கிற கோழிக்கு இன்னும் குறைத்தே போடலாம். கருவாடு உப்பில்லாததாக இருக்க வேண்டும். உப்புக் கருவாடுதான் கிடைத்ததென்றால் நாலு தண்ணீர் ஊற்றி அலசிக் காய வைத்துக்கொள்ளுங்கள். உப்பு கோழிக்கு ஆகாது. ஊறுகாய் கலந்த எச்சில் சோற்றையும் இதே காரணத்துக்காகப் போடாதீர்கள்.

கடலைப் புண்ணாக்கைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டுபோயின. தேடிப் பார்த்ததில், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்தது தெரிந்தது. அந்தப் பூசணத்தின் விஷத்துக்குத்தான் பிற்பாடு அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் வீட்டு மூலையில் சாக்கில் கிடக்கிற புண்ணாக்குக்கும் அதே கதி வரலாம். வெயிலில் காய வைத்தால் பூசணம் உதிரும், விஷம் போகாது. வறுத்தாலும் முழுவதும் போகாது. எனக்கு இது தெரியாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் மூட்டையாக வாங்கி வைத்து, பச்சையாகப் படர்ந்ததைத் தட்டிவிட்டுப் போட்டேன். இரண்டு கோழிகள் போயின. அன்றிலிருந்து மழை மாதத்தில் பதினைந்து நாளைக்கு வேண்டியதற்கு மேல் புண்ணாக்கு வாங்குவதில்லை. அதையும் மூடியுள்ள டின்னில், தரையில் படாமல் பலகைமேல் வைக்கிறேன்.

சாயங்காலம் கோழிகள் அடையும் முன் ஆளுக்கொரு கைப்பிடி முழுக் கம்போ சோளமோ இறைத்துவிடுங்கள். முழுத் தானியம் மெதுவாகச் செரிக்கும். நீண்ட இரவுக்கு இரைப்பை காலியாகாமல் இருக்கும். கிளிஞ்சல் தூளையும் தனிச் சட்டியில் அந்த நேரத்தில் வையுங்கள். ஒரு முட்டையின் ஓட்டுக்கு ஏறக்குறைய இரண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். ஓடு உருவாவதோ பெரும்பாலும் இரவில். தோல் முட்டை வருகிறதென்று பயந்து சிலர் சுற்றிப் போடுகிறார்கள். கிளிஞ்சல் வைத்துப் பாருங்கள். கிளிஞ்சல் இல்லாவிட்டால் வீட்டு முட்டை ஓடுகளையே வறுத்துப் பொடி செய்து வைக்கலாம். முழு ஓட்டை மட்டும் போடாதீர்கள். ருசி கண்டுவிட்டால் தன் முட்டையைத் தானே கொத்த ஆரம்பித்துவிடும்.

கீரைக்கு முருங்கையும் அகத்தியும் போதும். கொத்தாகக் கட்டித் தொங்க விட்டால் எம்பி எம்பிக் கொத்தும். வேலையில்லாமல் ஒன்றையொன்று இறகு பிடுங்காது. கிராமத்துப் பாட்டிமார்களின் கரையான் பானையும் அருமையான யோசனை. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத் துண்டுகளைப் போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் விருந்து தயார். வீட்டுக் கதவு நிலைக்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள்! தண்ணீரையும் மறக்காதீர்கள். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். மழைநாள்தானே என்று ஒரு நாள் சட்டி காய்ந்து கிடந்தால் பல நாள் முட்டை போய்விடும்.

நம் குளிர்காலத்தின் நிஜமான விரோதி ஈரம். கூட்டில் மூன்று, நாலு அங்குலம் உமியோ கடலைத் தொலியோ பரப்பி, வாரம் இருமுறை கிளறி விடுங்கள். கட்டிதட்டின இடத்தை அள்ளிவிட வேண்டும். காலையில் கதவைத் திறந்ததும் கண்ணைக் கரிக்கிற நெடி அடித்தால் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். சாரல் அடிக்கிற பக்கத்தில் மட்டும் சாக்குப் படுதா கட்டி, மேலே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். நாலு பக்கமும் மூடினால் சளிதான் பிடிக்கும். மழையில் மண் நனைந்து போவதால் கோழிக்குப் புழுதிக் குளியல் கிடைக்காது. செள்ளும் பேனும் ஏறிவிடும். கூரையடியில் ஒரு பெட்டியில் மணல், அடுப்புச் சாம்பல், காய்ந்த வேப்பிலைத் தூள் கலந்து வைத்தால் தானே குளித்துக்கொள்ளும்.

வெள்ளைக் கழிச்சலுக்கு மட்டும் கை வைத்தியத்தை நம்பி இருந்துவிடாதீர்கள். சின்ன வெங்காயமும் சீரகமும் மஞ்சளும் அரைத்துக் கொடுப்பதில் தெம்பு வரலாம். தடுப்பூசிக்கு அது ஈடாகாது. இங்கிலாந்தில் 1926-ல் நியூகாசில் நகரின் பெயர் பெற்ற நோய்தான் இது. நம் நாட்டில் இமயமலை அடுத்த ராணிக்கெட் ஊரின் பெயரால் வழங்குகிறது. வந்துவிட்டால் மருந்து கிடையாது, ஒரு வாரத்தில் கூடு காலியாகும். கால்நடை மருந்தகங்களில் தடுப்பூசி போடுகிறார்கள். பிப்ரவரி மாதத்தில் இதற்கென்றே அரசாங்க முகாமும் நடப்பதுண்டு. ஆரோக்கியமாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். குடற்புழு மருந்தையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொண்டு, கொடுத்தபின் எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். 1985-ல் நாமக்கல்லில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அருகிலேயே இருப்பது நம் ஜில்லாக்காரர்களுக்கு ஒரு சௌகரியம்.

சேவல் இல்லாவிட்டால் கோழி முட்டையிடாது என்று பக்கத்து வீட்டு அம்மாள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இடும். குஞ்சுதான் பொரிக்காது. நாலு மணிக்குக் கூவி எதிர்வீட்டாரோடு மனஸ்தாபம் உண்டாக்கும் சேவல் டவுனில் அவசியமே இல்லை.

அடுத்த வருஷத்துக்கு இப்போதே ஒரு யோசனை. வைகாசியில் பொரித்த பெட்டைக் குஞ்சுகள் இரண்டு, மூன்று வாங்கி வளர்த்தால் ஆறேழு மாதத்தில், சரியாக மார்கழியில், முதல் முட்டைக்கு வந்துவிடும். வெடைக் கோழிகள் முதல் வருஷம் இறகு உதிர்ப்பதில்லை. பெரியவை ஓய்வெடுக்கும்போது சின்னவை கூடையைப் பார்த்துக்கொள்ளும்.

கருப்பிக்கு வாங்கின வாய்தா இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரமாக நீண்டது. தை மாதம் கரிநாளன்று விறகுக் குவியலுக்குப் பின்னால் நின்று கத்தினாள். போய்ப் பார்த்தால் புறா முட்டை அளவில் ஒன்று. அதை எடுத்து வந்தவர் என் மாமியார்தான்; என்னிடம் ஒன்றும் சொல்லாமல் கூடையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். விளக்கை நான் அப்போதும் நிறுத்தவில்லை. பங்குனி பிறந்து பகல் நீண்டபின், வாரத்துக்குக் கால் மணி நேரமாகக் குறைத்துக்கொண்டே வந்து அணைத்தேன்.