கூரைக்குக் கீழே – 9: அலமாரிக்குள் போன கடிதம்

சென்ற ஆண்டு மாசி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. கிழக்கு லண்டனில் ஒரு கோயில் மண்டபம். ஆங்கிலக் கடிதங்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அவற்றைப் படித்துச் சொல்ல, மாதம் ஒருமுறை நாங்கள் சிலர் அங்கே கூடுவோம். பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கடிதமும் பென்ஷன் கடிதமும்தான் வரும். அன்று வந்த அக்கா கைப்பையிலிருந்து எடுத்தது பதினான்கு பக்கம்.

"தம்பி, கவுன்சில்காரர் அனுப்பினவை. 23,400 பவுண்ஸ் எண்டு போட்டிருக்கு. இது முழுக் கட்டடத்துக்குமோ, எனக்கு மட்டுமோ எண்டு ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ."

அவருக்கு மட்டும்தான். ஆறு மாடிக் கட்டடத்துக்குப் புதுக் கூரை, புது ஜன்னல்கள், வெளிச்சுவர்ப் பூச்சு. அதில் அவருடைய பங்கு அந்தத் தொகை. சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "நான் கீழ்வீட்டில இருக்கிறன். மழை வந்தாலும் எனக்கு ஒழுகாது. கூரைக்கு நான் ஏன் காசு குடுக்கோணும்?"

நியாயமான கேள்வி. பதிலுக்கு 1980 வரை பின்னோக்கிப் போகவேண்டும். அந்த ஆண்டு அக்டோபரில் மார்கரெட் தாட்சர் அரசின் வீட்டுவசதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டு வாடகைக்கு இருந்தவர்கள் தாங்கள் குடியிருந்த கவுன்சில் வீட்டையே தள்ளுபடி விலையில் வாங்கலாம் என்றது. தனி வீட்டை வாங்கியவருக்கு நிலமும் சேர்த்துக் கிடைத்தது. அடுக்குமாடியில் அது முடியாது. நிலம், கூரை, படிக்கட்டு, லிஃப்ட், வெளிச்சுவர் எல்லாம் கவுன்சிலிடமே இருக்க, வாங்கியவருக்குக் கிடைத்தது பொதுவாக 125 ஆண்டுக் குத்தகை. ஆண்டுக்கு 10 பவுண்டு நிலவாடகை. ஃப்ளாட்டுகள் சுலபமாக விலைபோகவில்லை என்று பின்னாளில் அவற்றின் தள்ளுபடியை 70 சதவீதம் வரை உயர்த்தினார்கள். அப்படி வாங்கியவர்கள் விற்க, அவர்களிடமிருந்து வாங்கியவர்களில் நம் அக்காவும் ஒருவர்.

அவர் வாங்கியது உள்சுவர்ப் பூச்சுக்குள் அடங்கிய இடமும், அதில் இருக்கும் காலமும். கட்டடத்தைப் பழுதுபார்ப்பது கவுன்சிலின் கடமை. அந்தச் செலவில் தன் பங்கைக் கொடுப்பது குத்தகைக்காரரின் கடமை. பங்கு எப்படிக் கணக்கிடப்படும் என்பது குத்தகைப் பத்திரத்திலேயே இருக்கும். சில இடங்களில் படுக்கையறை எண்ணிக்கை, சில இடங்களில் பரப்பளவு, இன்னும் சில இடங்களில் பழைய வரி மதிப்பு. கீழ்வீடு, மேல்வீடு என்ற பேதம் பல பத்திரங்களில் இல்லை. எனவே கீழ்வீட்டாரும் கூரைக்கும் லிஃப்டுக்கும் கொடுக்கிறார். பல கவுன்சில் குத்தகைகளில் மாதாமாதம் சேர்த்துவைக்கும் பொதுநிதியும் கிடையாது. முப்பது ஆண்டு தள்ளிப்போட்ட வேலையின் செலவெல்லாம் ஒரே கடிதத்தில் வந்து விழுவது அதனால்தான். வாங்கும் நாளில் இதை யாராவது உட்காரவைத்து விளக்கியிருக்க வேண்டும். விளக்கவில்லை என்பதுதான் இந்த மண்டபத்தில் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் குறை.

அக்காவிடம் கேட்டேன்: "இதுக்கு முன்னால ஒரு கடிதம் வந்திருக்குமே?"

வந்திருந்தது. படிக்காமல் அலமாரிக்குள் போயிருந்தது.

1985ஆம் ஆண்டின் நிலக்கிழார்–குடியிருப்பாளர் சட்டத்தில் 20ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. லண்டனில் ஃப்ளாட் வைத்திருப்பவர்கள் வாயில் 'செக்‌ஷன் 20' என்றே புழங்கும். ஒரு வேலையால் எந்த ஒரு குத்தகைக்காரரின் பங்காவது 250 பவுண்டைத் தாண்டுமானால், கவுன்சில் முன்கூட்டியே கேட்டாக வேண்டும். முதல் கடிதம், என்ன வேலை, ஏன் என்று சொல்லும். கருத்துச் சொல்ல 30 நாள். விலைப்புள்ளிகள் வந்தபின் தொகையோடு இரண்டாவது கடிதம். மறுபடி 30 நாள். ஒப்பந்தக்காரரோடு நீண்டகால ஒப்பந்தம் ஏற்கெனவே இருந்தால் வேலைக்கென்று ஒரே கடிதம்தான் வரும். கேட்காமல் வேலையைச் செய்துவிட்டால், ஒருவரிடம் 250 பவுண்டுக்கு மேல் வசூலிக்க முடியாது. தீர்ப்பாயம் விலக்கு அளித்தால் மட்டுமே மேலே போகலாம். 2013இல் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கைச் சற்று எளிதாக்கிவிட்டது. கேட்காததால் தனக்கு உண்மையில் என்ன நட்டம் என்பதைக் குடியிருப்பாளர் காட்டவேண்டும் என்றது. அந்த 30 நாளில் எழுத்தில் ஏதாவது சொல்லிவைப்பது பிற்பாடு எவ்வளவு உதவும் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

கருத்தைக் கேட்டால் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் ஹவுன்ஸ்லோ கவுன்சிலின் ஐவிபிரிட்ஜ் எஸ்டேட் வழக்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. மரச்சட்ட ஜன்னல்களின் கீல்களில் குறை. கவுன்சில் உலோகச்சட்ட ஜன்னல்களுக்கு மாறியது. அதற்காக வெளிப்புறப் பலகைகளை மாற்றவேண்டி வந்தது, பின்னாலிருந்த ஆஸ்பெஸ்டாஸை அகற்றவேண்டி வந்தது. ஒரு வீட்டுக்காரரின் பங்கு 55,000 பவுண்டைத் தாண்டியது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இது: பழுதுபார்ப்பது வேறு, மேம்படுத்துவது வேறு. கட்டாயமில்லாத மேம்பாட்டைச் செய்யும்போது மலிவான வழி இருந்ததா, குத்தகைக்காரர்கள் என்ன சொன்னார்கள், அவர்களால் தாங்க முடியுமா என்பதையும் கவுன்சில் எடைபோட வேண்டும்.

'ஃப்ளோரி சட்டம்' என்ற பெயரும் மண்டபத்தில் அடிக்கடி அடிபடும். நியூஹாமில் 93 வயது விதவை ஃப்ளோரி போர்ன் என்பவருக்குக் கூரை வேலைக்காக ஏறக்குறைய 50,000 பவுண்டு கேட்டுக் கடிதம் போனது. அவர் 2009இல் இறந்தார். 2014இல் அவர் பெயரால் அறியப்படும் உத்தரவு வந்தது. ஐந்து ஆண்டுக் காலத்தில் லண்டனில் 15,000, வெளியே 10,000 பவுண்டு என்று உச்சவரம்பு. இதைக் கேட்டு நிம்மதியாக எழுந்து போகிறவர்களை நான் மறுபடி உட்காரவைக்க வேண்டியிருக்கிறது. மத்திய அரசின் குறிப்பிட்ட உதவிப் பணத்தில் நடக்கும் வேலைகளுக்கு மட்டுமே அந்த வரம்பு. கவுன்சில் சொந்த நிதியில் செய்தால் பொருந்தாது. அக்காவுக்கும் பொருந்தவில்லை.

கோபத்தில் பணத்தை நிறுத்திவைப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றுவது. தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பாக்கி நின்றால் வழக்கு வரும், அடமானம் கொடுத்த வங்கிக்குத் தகவல் போகும், கடைசியில் குத்தகையே பறிபோகும் அபாயமும் உண்டு. பணம் கட்டியதாலேயே தொகையை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று அதே 1985 சட்டத்தின் 27ஏ பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கட்டிவிட்டும் தீர்ப்பாயம் போகலாம். செலவு நியாயமானதா, வேலை தரமானதா என்று அவர்கள் பார்ப்பார்கள். கணக்கின் சுருக்கம் கேட்கலாம், அது வந்த ஆறு மாதத்துக்குள் ரசீதுகளைப் பார்க்கக் கேட்கலாம். செலவு நடந்து 18 மாதத்துக்குள் பணமும் கேட்கவில்லை, செலவு உண்டு என்று எழுதியும் தெரிவிக்கவில்லை என்றால் பின்னால் கேட்க முடியாது.

அக்காவின் இரண்டாவது 30 நாளில் 19 நாள் ஏற்கெனவே போயிருந்தது. அன்றே எழுத உட்கார்ந்தோம். கூரை கடைசியாக எப்போது பழுதுபார்க்கப்பட்டது, ஆய்வறிக்கையைப் பார்க்கலாமா, இருக்கும் ஜன்னல்களைச் சரிசெய்ய முடியாதா என்று மூன்று கேள்வி. பக்கத்து வீட்டாரிடம் விசாரித்தபோது, கீழ்த்தள ஜன்னல்கள் ஏழு ஆண்டுக்கு முன்புதான் மாற்றப்பட்டவை என்று தெரிந்தது. பழைய புகைப்படம்கூட அவரிடம் இருந்தது. அதையும் இணைத்தோம்.

கவுன்சிலின் பொறியாளர் வந்து பார்த்தார். கீழ்த்தள ஜன்னல்கள் பட்டியலிலிருந்து நீங்கின. மொத்தச் செலவு குறைந்ததால் கட்டடத்தில் எல்லாருடைய பங்கும் குறைந்தது. அக்காவுக்கு 20,900. இன்னமும் பெரிய தொகைதான். மூன்று ஆண்டுத் தவணை, வட்டியில்லாமல்.

அதே பொறியாளர் போகும்போது வாசற்கதவில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் வந்த கடிதத்தை அக்கா அலமாரிக்குள் வைக்கவில்லை, நேரே மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். வீடு வாங்கிய புதிதில், பழைய கதவு பிடிக்காமல், கண்ணாடி பதித்த அழகான கதவு ஒன்று போட்டிருக்கிறார். அவருடைய பத்திரப்படி கதவு அவருடையது, ஆனால் மாற்றுவதற்கு எழுத்தில் அனுமதி வேண்டும். அது தீக்காப்புக் கதவாகவும், தானாக மூடிக்கொள்வதாகவும் இருக்கவேண்டும். 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் டவரில் 72 உயிர்களைக் கொன்ற தீ வெளிச்சுவர்ப் பலகைகள் வழியே ஏறியது. தானாக மூடாத வீட்டுக் கதவுகள் வழியே புகை பொதுநடைக்குள் பரவியது என்று விசாரணை சொன்னது. இப்போது 11 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களில் வீட்டு வாசற்கதவுகளை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க முயலவேண்டும் என்பது விதி.

"என்ர கதவுக்கு நான்தானே காசு குடுக்கோணும்?" என்றார்.

"ஓம், அக்கா. முழுக்காசும் நீங்கள்தான்."

மேல்மாடியில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் இருப்பதாகச் சொன்னார். கதவை எங்கே வாங்கலாம் என்று கேட்டு, முகவரியைக் குறித்துக்கொண்டு போனார்.

(தொடரும்)

அடுத்த வாரம்: குத்தகையில் 80 ஆண்டுக்குக் கீழே மிஞ்சும்போது வீட்டின் விலைக்கு என்ன ஆகிறது?