லயத்து மாட்டுக்கும் மரபணுச் சில்லுக்கும் நடுவே ஒரு கொப்பி

கேகாலை மாவட்டத்தின் தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களிலும், இரத்தினபுரி மாவட்டத்தின் இறக்குவானை, காவத்தை, பலாங்கொடைத் தேயிலைத் தோட்டங்களிலும் லயத்தை ஒட்டிய பட்டியில் ஒன்றிரண்டு மாடு கட்டியிருக்கும் குடும்பங்கள் உண்டு. தோட்டச் சம்பளம் போதாத மாதத்தில் கடைக் கணக்கைத் தீர்ப்பது அந்தப் பால் காசுதான். அதே சப்ரகமுவவில், பெலிஹுல்ஓயாவில், 1996இல் தனிப் பல்கலைக்கழகமான சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் விவசாய விஞ்ஞான பீடத்தில் கால்நடை உற்பத்திக்கென்றே ஒரு துறை இயங்குகிறது. மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்குப் பேராதனையில் பட்டப்பின் விவசாய நிறுவனம் இருக்கிறது. விலங்கு உற்பத்தி படிக்கும் மாணவர் இன்று கற்கும் உயர்நிலை மரபியல், லயத்துப் பட்டியில் நிற்கும் பசுவுக்கு எந்த வகையில் உதவும்?

எது மரபு, எது புல்?

ஒரு பசு நாளுக்கு எட்டு லீற்றர் கறக்கிறது, பக்கத்துப் பட்டிப் பசு நாலு லீற்றர்தான் கறக்கிறது. முதல் பசு நல்ல சாதி என்று சொல்லிவிடுவோம். மரபியல் மாணவர் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒரே மாதிரி வளர்க்கப்படும் மந்தையிலேகூட, பசுவுக்குப் பசு பால் அளவில் தெரியும் வித்தியாசத்தில் கால் பங்கு முதல் மூன்றிலொரு பங்குவரைதான் பெற்றோரிடமிருந்து வருகிறது. மீதி தீனி, நோய், வெக்கை, ஈற்றின் எண்ணிக்கை, கறப்பவரின் கை. சினை பிடிக்கும் திறனில் மரபின் பங்கு இன்னும் குறைவு; நூற்றுக்கு ஐந்து அளவே தேறும்.

ஆகவே ஒரு பசுவைப் பார்த்து அதன் மரபை மதிப்பிட முடியாது. ஒரே காளைக்குப் பிறந்த பல பெண் கன்றுகள் வெவ்வேறு பட்டிகளில் வளர்ந்து கறக்கும்போது, தீனியின் பங்கையும் இடத்தின் பங்கையும் கணக்கால் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் காளை எப்படிப்பட்டது என்று தெரியும். அப்படி எஞ்சும் எண்ணுக்கு இனவிருத்திப் பெறுமதி என்று பெயர். உயர்நிலை மரபியல் வகுப்பில் நுண்ணோக்கியைவிடப் புள்ளிவிபரக் கணக்கே அதிகம் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆறு ஆண்டுக் காத்திருப்பு சுருங்கிய கதை

பழைய முறையில் இந்தக் கணக்குக்கு நீண்ட பொறுமை வேண்டும். காளைக் கன்று வளர்ந்து விந்து தர ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். பிறக்கும் பெண் கன்று வளர்ந்து தன் முதற்கன்றை ஈன இரண்டாண்டுக்கு மேல், அதன் பால் கணக்கைப் பார்க்க இன்னும் பத்து மாதம். கூட்டினால் ஐந்தரை, ஆறு ஆண்டு. காளை நல்லதா கெட்டதா என்று தெரியும்போது அதற்கு வயதாகிவிடும்.

2001இல் மெய்விசன், ஹெய்ஸ், கொடார்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள் வேறு வழி காட்டினார்கள். மரபணுத் தொகுதி முழுவதிலும் பரவிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான குறியிடங்களை ஒரே நேரத்தில் படித்து, பால் கணக்குத் தெரிந்த மாடுகளோடு ஒப்பிட்டால், கணக்கே இல்லாத கன்றின் பெறுமதியையும் முன்கூட்டிச் சொல்லலாம் என்றது அவர்களின் கட்டுரை. சில ஆண்டுகளில் ஐம்பதாயிரம் குறியிடங்களைப் படிக்கும் சில்லு சந்தைக்கு வந்தது. 2009இல் மாட்டின் மரபணு வரைபடம் வெளியானது. அதே ஆண்டு அமெரிக்கா இந்தக் கணிப்பை அதிகாரபூர்வமாக ஏற்றது. கன்றின் காதிலிருந்து ஒரு துணுக்கு, அல்லது வாலிலிருந்து வேரோடு பிடுங்கிய சில முடிகள் போதும். ஹோல்ஸ்டீன் இனத்தில் காளைகளின் தந்தையருக்கு ஏழாண்டு அளவில் இருந்த தலைமுறை இடைவெளி இரண்டரை ஆண்டுக்கும் கீழே இறங்கியது.

அந்தக் கணக்கு இங்கே ஏன் செல்லாது?

அப்படியானால் வெளிநாட்டில் முதலிடம் பெற்ற காளையின் விந்தை வாங்கிப் போட்டால் முடிந்ததே என்று தோன்றும். சிக்கல் அங்கேதான். சில்லு குறியிடங்களைத்தான் படிக்கிறது. எந்தக் குறியிடம் எவ்வளவு பாலுக்குச் சமம் என்று அதற்குக் கற்றுத் தந்தவை குளிர்நாட்டில் அடர்தீனி தின்று வளர்ந்த மாடுகள். வேறு இனத்திலும் வேறு சூழலிலும் அந்தப் பாடம் அப்படியே பொருந்தாது.

இரத்தினபுரியின் சராசரி வெப்பநிலை 27 பாகை செல்சியஸை ஒட்டியது. ஆண்டு மழை மூவாயிரம் மில்லிமீற்றரைத் தாண்டும். வெப்பத்தோடு ஈரப்பதமும் சேரும்போது ஹோல்ஸ்டீன்-பிரீசியன் பசு தீனியைக் குறைக்கும், பால் இறங்கும், சினை தங்காது. 2017இல் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் கப்பலில் இலங்கைக்கு வந்து இறங்கிய ஐயாயிரம் மாடுகளில் பல எதிர்பார்த்த அளவு கறக்கவில்லை, நோயுற்றன, இறந்தன என்று வாங்கிய பண்ணையாளர்கள் முறையிட்டார்கள். இனத்தின் பெயர் மட்டும் பாலாகிவிடாது.

நாட்டுப் பசுவுக்கு ஜேர்சிக் காளையின் விந்தைச் செலுத்தினால் கன்றில் பாதி ஜேர்சி. அந்தக் கன்று வளர்ந்ததும் மறுபடி ஜேர்சி போட்டால் முக்கால் பங்கு, அடுத்த தலைமுறையில் 87.5 வீதம். முதல் கலப்பில் கிடைக்கும் வீரியம் பின்னால் குறைந்துகொண்டே போகும். தீனித் தேவையும் நோய்க்கு இடம்கொடுக்கும் தன்மையும் ஏறும். மலைச்சரிவில் அறுத்துவரும் கினிப் புல்லையும், கோயம்புத்தூர் விவசாயப் பல்கலைக்கழகம் உருவாக்கி இங்கே வேரூன்றிய கோ-3 புல்லையும், கொஞ்சம் புண்ணாக்கையும் நம்பி நிற்கும் பட்டிக்கு எத்தனை வீதக் கலப்பு தாங்கும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

வெக்கைக்கும் மரபில் ஒரு வழி இருக்கிறது. கரீபியத் தீவுகளின் செனப்போல் மாட்டுக்கு முடி மிகக் குட்டையாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும். உடற்சூடு சுலபமாக வெளியேறும். புரொலாக்டின் என்ற ஹோர்மோனை உள்வாங்கும் மரபணுவில் நேர்ந்த ஒரு சிறு மாற்றமே காரணம் என்று 2014இல் கண்டறிந்தார்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும் என்பதால், சாதாரண இனச்சேர்க்கை மூலமே இது ஹோல்ஸ்டீனுக்குள் கொண்டுவரப்பட்டிருக்கிறது.

ஒரே காளை, பல பட்டி

செயற்கைச் சினைப்படுத்தலுக்கான உறைவிந்து குண்டசாலையிலுள்ள அரச நிலையத்தில் தயாராகி, மைனஸ் 196 பாகைத் திரவ நைதரசனில் ஊர் ஊராகப் போகிறது. விந்து நிரப்பிய ஒவ்வொரு குச்சியிலும் காளையின் இலக்கம் அச்சிட்டிருக்கும். சினை ஊசி போட்டதும் பல இடங்களில் குச்சி குப்பைக்குப் போகும், இலக்கமும் அதோடு போகும். இரண்டு மூன்று ஆண்டு கழித்து அந்தப் பசுவின் மகள் பருவத்துக்கு வந்து கத்தும்போது, அதன் தந்தையின் விந்தே மறுபடி வந்தாலும் தடுக்க யாருக்கும் தெரியாது.

இப்படி உறவுக்குள்ளேயே சேர்வதன் விலை என்ன என்பதற்கு 1962இல் பிறந்த ஆர்லிண்டா சீஃப் என்ற அமெரிக்கக் காளை சாட்சி. அதற்குப் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட மகள்கள். அதன் பால் மரபு உலகெங்கும் பரவியபோது, இரு பக்கமிருந்தும் சேர்ந்தால் கருவைக் கொல்லும் ஒரு மரபணுப் பிழையும் கூடவே பரவியது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கருக்கள் இதனால் கலைந்திருக்கும் என்று 2016இல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அந்தக் காளையால் கிடைத்த பால் இலாபம் நட்டத்தைவிடப் பன்மடங்கு என்பதும் உண்மை. பிழையைக் கண்டுபிடிக்க உதவியவற்றில் ஒன்று, எந்தக் கன்று எந்தக் காளைக்குப் பிறந்தது என்ற பதிவு அங்கே இருந்ததுதான்.

சிறு பட்டிகளில் முடியுமா?

முடிந்திருக்கிறது. மூணாறுத் தேயிலை மலையில் மாட்டுப்பட்டி என்ற இடத்தில் 1963இல் இந்திய-சுவிஸ் திட்டம் தொடங்கியது. கேரளத்தின் நாட்டு மாடுகளோடு பிரவுண் சுவிஸும், பின்னர் ஜேர்சியும் ஹோல்ஸ்டீனும் கலந்து சுனந்தினி என்ற இனம் உருவானது. அந்தத் திட்டம் பெரிய பண்ணையை மட்டும் நம்பவில்லை. ஒன்றிரண்டு மாடு வைத்திருந்த வீடுகளுக்குப் பதிவாளர்கள் போய்ப் பாலை அளந்து எழுதினார்கள். அந்த எண்களே கலப்பினக் காளைகளைத் தரம்பிரித்தன.

கிழக்கு ஆபிரிக்காவில் பரம்பரைக் குறிப்பு எதுவும் இல்லாத சிறு விவசாயிகளின் மாடுகளுக்குச் சில்லைக் கொண்டே கலப்பு வீதம் கண்டார்கள். வீட்டில் அளந்த பாலை அதோடு சேர்த்துப் பார்த்தபோது, தீனி குறைந்த இடங்களில் அந்நிய இரத்தம் கூடக்கூடப் பால் கூடவில்லை என்பது தெரிந்தது. ஆகவே கடந்த தலைமுறையில் எழுதத் தவறியதைச் சில்லு ஓரளவு ஈடுசெய்யும். நேற்று எத்தனை லீற்றர் கறந்தது என்பதை அதனால் சொல்ல முடியாது. அதற்குப் பட்டியிலேயே ஒரு கொப்பி வேண்டும்.

கொப்பியில் என்ன எழுதுவது?

ஒவ்வொரு பசுவுக்கும் ஒரு பக்கம் போதும்: பருவத்துக்கு வந்த நாள், ஊசி போட்ட நாளும் குச்சியிலுள்ள காளை இலக்கமும், கன்று ஈன்ற நாள், கன்று கிடாரியா காளையா, மாதத்தில் ஒருநாள் காலை, மாலை அளந்த பால், வந்த நோய். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் மாதம் பத்து நிமிட வேலை. ஊசி போடும் அலுவலர் காளை இலக்கத்தை மாட்டுக்காரரிடம் எழுதிக் கொடுப்பதும் பெரிய காரியமல்ல.

பெரிய காரியம் அதற்கடுத்தது. நூற்றுக்கணக்கான கொப்பிகளை ஒன்றுசேர்த்துக் கணக்குப் போட ஆள் வேண்டும். முடிவு குண்டசாலையில் காளை தெரிவு செய்வோரின் மேசைக்குப் போக வழி வேண்டும். அரச மிருக வைத்திய அலுவலகமும் தோட்ட நிர்வாகமும் பெலிஹுல்ஓயா மாணவர்களும் செய்ய வேண்டிய வேலை அது. லயத்துக்காரர் தன் பங்கை எழுதி வைத்த பிறகு, கணக்கு வரவில்லை என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.