லாரிக்குள் குடித்தனம்!

அந்த வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. தெருப் பெயர் கிடையாது. நம்பர் பிளேட்டு மட்டும்தான் உண்டு.

உள்ளே சாமி படம் இருக்கிறது. படத்துக்குப் பூச்சரம் சாத்தி இருக்கிறது. கண்ணாடி, சீப்பு, சோப்பு டப்பா, காயப் போட்ட லுங்கி, ஊரில் இருக்கும் குழந்தையின் போட்டோ எல்லாம் இருக்கின்றன. பின்னால் ஒரு பலகைப் படுக்கை. வெளியே, பக்கவாட்டில் ஒரு பெட்டி. அதுதான் சமையல் அறை! அடுப்பு, குண்டா, கரண்டி, புளி, மிளகாய், உப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். பக்கத்திலேயே தண்ணீர்க் கேன்.

ஆம்! அது ஒரு லாரி.

மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிகளின் பக்கம் போனால் இப்படிப்பட்ட வீடுகளைப் பார்க்கலாம். நீலகிரிக் கிழங்கு மலையில் இருந்து இறங்கி வருவது இங்கேதான். குஜராத், கர்நாடகம் என்று வெளி மாநிலக் கிழங்கு வந்து சேருவதும் இங்கேதான். இங்கிருந்து கேரளத்துக்கும் கிழங்கு போகிறது. வந்த லோடு இறங்கக் காத்திருக்க வேண்டும். திரும்பிப் போக லோடு கிடைக்கும் வரை மறுபடியும் காத்திருக்க வேண்டும். அது ஒரு நாளாகவும் இருக்கலாம். மூன்று நாளாகவும் இருக்கலாம். அதுவரை டிரைவரும் கிளீனரும் எங்கே இருப்பார்கள்?

லாரிக்குள்தான்! சொந்த வீட்டில் படுப்பதைவிட லாரியில் படுக்கும் இரவுகள் அதிகம் என்ற நிலையில் பல டிரைவர்கள் காலம் தள்ளுகிறார்கள்.

அமெரிக்க வண்டி வீடு

வண்டியையே வீடாக வைத்துக் கொள்ளும் பழக்கம் அமெரிக்காவிலும் உண்டு. ஆனால் அது வேறு தினுசு. மோட்டார் வண்டிக்குள் கட்டில், சமையல் அறை, குளியல் அறை, கக்கூஸ் எல்லாம் வைத்துக் கட்டி இருப்பார்கள். வேலையில் இருந்து ஓய்வு பெற்ற கணவன்-மனைவி வீட்டை விற்றுவிட்டு அதில் ஏறி விடுவதும் உண்டு. வாடகை கொடுக்க வழி இல்லாமல் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அரிசோனா மாநிலத்தில் குவார்ட்சைட் என்று ஒரு பாலைவன ஊர். குளிர்காலத்தில் அந்த ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் வண்டி வீடுகள்தான்! செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை சர்க்கார் நிலத்தில் கட்டணம் கட்டிவிட்டுத் தங்கலாம். அதன் பிறகு? வெயில் கொளுத்தத் தொடங்கியதும் வீட்டையே ஓட்டிக்கொண்டு வடக்கே போய்விடுவார்கள். அல்லது மலைக்கு ஏறி விடுவார்கள்.

நம் லாரி டிரைவருக்கும் மலை பக்கத்திலேதான் இருக்கிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 325 மீட்டர் உயரம். 46 கிலோ மீட்டர் மலை ரெயிலில் போனால் உதகமண்டலம். அதன் உயரம் 2,200 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் உஷ்ணம் குறையும் என்பது கணக்கு. அதாவது, இங்கே 36 டிகிரி காயும்போது மேலே 24 டிகிரிதான் இருக்கும்!

மலை கண்ணுக்குத் தெரிகிறது. அதன் தலையில் மேகம் படுத்திருப்பதும் தெரிகிறது. ஆனால் லாரி அங்கே போக முடியுமா? முடியாது. லோடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் லாரி நிற்க வேண்டும்.

தகரம் செய்யும் வேலை

வெயிலில் நிற்கும் வண்டிக்குள் என்ன நடக்கிறது?

சூரிய ஒளி கண்ணாடி வழியாக உள்ளே வருகிறது. சீட்டும், ஸ்டியரிங்கும், முன் பலகையும் சூடாகின்றன. அந்தச் சூடு வெளியே போக வழி இல்லை. மேலே தகரக் கூரை வேறு காய்ந்து, தன் பங்குக்கு உஷ்ணத்தைக் கீழே இறக்குகிறது.

2005-ம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக டாக்டர்களும் வானிலை நிபுணர் ஒருவரும் சேர்ந்து ஒரு காரை வெயிலில் நிறுத்தி அளந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் காருக்குள் உஷ்ணம் சராசரியாக 22 டிகிரி ஏறிவிட்டது! அதிலும் பெரும் பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பார்த்தார்கள். பெரிய பலன் இல்லை.

(கார் வைத்திருக்கும் குடும்பத்தார் இதைக் கவனிக்க வேண்டும். "ஐந்து நிமிடத்தில் வந்து விடுகிறேன்" என்று குழந்தையைக் காரில் பூட்டிவிட்டுக் கடைக்குள் போகவே கூடாது. பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு மிக வேகமாகச் சூடேறும்.)

லாரியின் கண்ணாடி காரின் கண்ணாடியைவிடப் பெரியது. பழைய லாரிகளில் எஞ்சின் டிரைவரின் பக்கத்திலேயே, கேபினுக்குள் மேடு போலத் துருத்திக் கொண்டிருக்கும். இரவு எல்லாம் ஓடி வந்த எஞ்சின் ஆறுவதற்குள் சூரியன் கிளம்பி விடுவான்.

ஒரு விஷயத்தில் பழைய லாரி மேல். அந்தக் காலத்தில் கேபின் இல்லாத மொட்டை வண்டியைத்தான் கம்பெனியில் இருந்து ஓட்டி வருவார்கள். நாமக்கல், சங்ககிரி பக்கத்துப் பட்டறைகளில் மரச் சட்டம் வைத்துக் கேபின் கட்டுவார்கள். மரம் தகரத்தைப் போலச் சூட்டைக் கடத்தாது. இன்று கம்பெனியிலேயே இரும்புக் கேபின் கட்டி வருகிறது. விபத்தில் அது உயிரைக் காக்கும். வெயிலில்தான் சங்கடம்.

சாக்கும் தண்ணீரும்

லாரிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களிடம் கைவசம் பல வித்தைகள் உண்டு.

முதல் வித்தை, மரம். புளிய மரமோ, வேப்ப மரமோ கண்ணில் பட்டால் பத்து நிமிடம் சுற்றியாவது அதன் கீழே நிறுத்துவார்கள். மரம் கிடைக்காவிட்டால், முன் கண்ணாடி வெயிலைப் பாராதபடி திருப்பி நிறுத்துவார்கள்.

அடுத்தது, ஈரச் சாக்கு. கோணிச் சாக்கை நனைத்துக் கேபின் கூரைமேல் போடுவது. தண்ணீர் காயும்போது தகரத்தின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். கொங்கு நாட்டு வெயில் வறண்ட வெயில். ஆகவே இங்கே ஈரச் சாக்கு நன்றாக வேலை செய்யும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் கடற்காற்றிலேயே ஈரம் இருப்பதால் பாதிப் பலன்தான்.

தண்ணீர் இல்லாதவர்கள் தார்ப்பாயை விரிப்பார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தார்ப்பாயைக் கூரையோடு ஒட்டிப் போட்டால் அதுவும் சேர்ந்து சுடும். ஒரு சாண் உயரத்தில் கயிறு கட்டி நிறுத்தினால், இடையில் காற்று ஓடும். வெயில் தார்ப்பாயோடு நின்றுவிடும். கூரைக்கு வெள்ளை வர்ணம் அடித்தாலும் சூடு குறையும்.

சில டிரைவர்கள் லாரியின் அடியில், இரண்டு பக்கமும் கயிறு கட்டித் தூளியில் படுப்பார்கள். நல்ல நிழல். நாலு பக்கமும் காற்று. ஆனால் ஆபத்து! பக்கத்து லாரி பின்னால் வரலாம். சொந்த லாரியையே வேறொருவர் அறியாமல் எடுத்து விடலாம். அடியில் படுக்கிறவர் சாவியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். வெறும் தரையில் சக்கரத்தின் அருகே துண்டை விரித்துப் படுப்பது அதைவிட மோசம்.

வெளியூர்க்காரர்கள் அறிய வேண்டிய இன்னொரு ஆபத்தும் இங்கே உண்டு. வெக்கை தாங்காமல் பவானி ஆற்றில் இறங்குகிறவர்கள் பலர். ஆறு அமைதியாகத்தான் ஓடும். மேலே பில்லூர் அணையில் மின்சாரம் எடுக்கத் தண்ணீர் திறந்துவிட்டால், திடீர் என்று நீர் ஏறும். உள்ளூர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

ஏ.சி. வந்தது! ஆனால்...

லாரி டிரைவரின் கஷ்டம் மத்திய சர்க்காரின் காதிலும் விழுந்தது. 2023 டிசம்பரில் ஓர் உத்தரவு வந்தது. 2025-ல் ஒரு குறிப்பிட்ட தேதி முதல் தயாராகும், 3½ டன்னுக்கு மேற்பட்ட எல்லாச் சரக்கு வண்டிகளிலும் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம்!

நல்ல உத்தரவு. ஓடும்போது டிரைவர் சோர்ந்து போகமாட்டார்.

ஆனால் நிற்கும்போது? அந்த ஏ.சி.யை ஓட்டுவது எஞ்சின். எஞ்சினை நிறுத்தினால் ஏ.சி.யும் நின்று போகும். ஏ.சி.க்காக எஞ்சினை ஓட விட்டால் மணிக்கு இரண்டு, மூன்று லிட்டர் டீசல் போகும். எட்டு மணி நேரம் தூங்கினால் டீசல் எவ்வளவு? எந்த முதலாளி அதற்குச் சம்மதிப்பார்? தவிர, எஞ்சினை ஓட விட்டுவிட்டு மூடிய வண்டிக்குள் தூங்குவது உயிருக்கே ஆபத்து. புகைக் குழாயில் ஓட்டை இருந்தால் விஷவாயு உள்ளே புகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மழைக்குப் பயந்து கேபின் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே அடுப்பு மூட்டுவதும் இதே ஆபத்துதான்.

பாட்டரியில் ஓடும் ஏ.சி.யும் இருக்கிறது. விலைதான் எட்டாது. சின்ன மின்விசிறி போதும் என்று பலர் இருந்து விடுகிறார்கள். 40 டிகிரிக்கு மேல் போய்விட்டால் விசிறிக் காற்று உடம்பைக் குளிர்விக்காது, சூடாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூடிய கேபினுக்குள் 40 டிகிரி எவ்வளவு சீக்கிரம் வந்துவிடும் என்பதை மேலே பார்த்தோம்.

சட்டத்தில் ஓய்வு அறையும் இருக்கிறது. 1961-ம் ஆண்டு வந்த மோட்டார் தொழிலாளர் சட்டம், நாளுக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்றது. இரவில் தங்க வேண்டிய இடங்களில் ஓய்வு அறை இருக்க வேண்டும் என்றது. ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் அந்தச் சட்டம் தானாகப் பொருந்தியது. ஒரு லாரி, ஒரு டிரைவர், ஒரு கிளீனர் என்று நடத்துகிறவர்களை அது எட்டவில்லை. நம் நாட்டில் அப்படிப்பட்டவர்கள்தானே அதிகம்?

பகலில் கண் அயராத டிரைவர் இரவில் வண்டியை எடுக்கிறார். மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்கு ஏறும் ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவுகள். எதிரே பஸ் வரும். பஸ்ஸில் நாமும் இருக்கலாம்.

வெயிலைத் தேடிப் போகிறவர்கள்

வெயிலுக்கு ஓடி ஒளிகிறவர்களைப் பார்த்தோம். வெயிலைத் தேடியே போகிறவர்களும் கொங்கு நாட்டில் உண்டு! திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று லாரிகள்தான் அவை. வட மாநிலங்களில் கிணறு வற்றும் காலம்தான் இவர்களுக்கு வேலைக் காலம். துளை போடும் லாரி ஒன்று, குழாயும் சாமானும் ஏற்றிய லாரி ஒன்று என்று ஜோடியாகப் புறப்படும். ஆட்களுக்குப் படுக்கை, சமையல் எல்லாம் லாரியிலேதான். மாதக் கணக்கில் ஊர் திரும்பமாட்டார்கள். மழை பிடித்தால்தான் வீடு!

அதே நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த அருண் பிரபு என்ற இளம் கட்டிடக் கலைஞர் 2019-ல் ஒரு வேடிக்கையான காரியம் செய்தார். ஓர் ஆட்டோ ரிக்ஷாவின் மேல் வீடு கட்டினார்! நீளம் ஆறு அடி; அகலம் ஆறு அடி. அதற்குள் படுக்கை, சமையல் அறை, குளியல் தொட்டி, கக்கூஸ். மேலே தண்ணீர்த் தொட்டி, சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் பலகை. செலவு சுமார் ஒரு லட்ச ரூபாய். 2021-ல் தொழில் அதிபர் ஆனந்த் மகிந்திரா அதைப் புகழ்ந்து எழுதியதும் நாடெங்கும் பேச்சாயிற்று.

ஆட்டோவின் மேல் கக்கூஸ் வைக்க முடியும் என்றால், லாரிகள் நிற்கும் ஊர்களில் நாலு கக்கூசும், தண்ணீர்க் குழாயும், உயரமான கொட்டகை ஒன்றும் கட்ட முடியாதா?

மேட்டுப்பாளையத்தில் பொழுது சாய்கிறது. மலையில் இருந்து குளிர்ந்த காற்று இறங்கத் தொடங்குகிறது. தகரம் ஆறுகிறது. உள்ளே படுத்தால் இப்போதுதான் தூக்கம் வரும். அந்த நேரம் பார்த்து மண்டியில் இருந்து ஆள் வருகிறான். "அண்ணா, லோடு ரெடி!"

கிளீனர் தூளியை அவிழ்க்கிறான். அடுப்பையும் குண்டாவையும் பெட்டிக்குள் தள்ளிப் பூட்டுகிறான். டிரைவர் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு சாமி படத்தைத் தொட்டுக் கும்பிடுகிறார். வீடு புறப்படுகிறது.