குமிழியின் முனகலைக் கேட்கும் கருவி

காயல்பட்டினம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸுக்குக் காத்திருப்பவர்களின் கையைப் பார்த்தாலே போகிற காரியம் தெரிந்துவிடும். சிலரிடம் சென்னை மண்ணடிக் கடைக்கான கணக்கு நோட்டு. சிலரிடம் எம்.ஆர்.ஐ. படங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஜவுளிக்கடைப் பை. இரண்டாவது வகையினர் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகிறவர்கள். திருவனந்தபுரம் ஆர்.சி.சி. என்றால் நாகர்கோவில் வழி. அதற்கெல்லாம் முன்னால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. நாற்பதாயிரம் பேர் வாழும் இந்த ஊரில் புற்றுநோய்ப் பேச்சு புதிதல்ல. ஆலைக் கழிவைப் பற்றிய புகாரோடு பசுமைத் தீர்ப்பாயம் வரை போன ஊர் இது. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. அந்தப் பையைத் தூக்குகிறவர்களின் வாட்ஸ்அப்பில் சுற்றும் வேறொரு சேதிதான் இங்கே விஷயம். அதைப் படித்த லாத்தா (அக்கா) ஒருவர் என்னைக் கேட்டார்:

"காக்கா (அண்ணே), கத்தியே வேண்டாமாம். அல்ட்ராசவுண்டை வச்சு, கட்டிக்குள்ள மட்டும் மருந்தை இறக்குதாம். எவ்வளவுன்னு ஏஐ பாத்துக்குமாம். நெசமா?"

பாதி நிஜம். நிஜமான அந்தப் பாதி, வாட்ஸ்அப் சேதியைவிடச் சுவாரஸ்யமானது.

கீமோ மருந்தை நரம்பில் ஏற்றினால் அது உடம்பு முழுக்கப் போகிறது. முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் அதனால்தான். கட்டிக்குள் சேர்வது கொஞ்சம். கணையக் கட்டி என்றால் நார் இறுகிக் கிடப்பதால் இன்னும் குறைவு. மூளையிலோ ரத்தக் குழாய்ச் சுவரே காவல் நிற்கிறது. ரத்தத்தில் இருக்கும் மருந்துகளில் பெரும்பாலானவற்றை அது உள்ளே விடுவதில்லை.

இந்த இடத்தில்தான் குமிழி வருகிறது. எக்கோ பரிசோதனையில் இதயம் தெளிவாகத் தெரிவதற்காக ஏற்றும் அதே வகை நுண்குமிழிகள். கொழுப்புத் தோலுக்குள் கொஞ்சம் வாயு, அவ்வளவுதான். ரத்தச் சிவப்பணுவின் பருமன்கூட இராது. சில நிமிடங்களில் உடைந்து, வாயு மூச்சோடு வெளியேறிவிடும். குமிழி ஓடும் இடத்தில் ஒலியலையைக் குவித்தால் அது சுருங்கி விரியும். அந்த அசைவு குழாய்ச் சுவரின் செல் இணைப்புகளை நெகிழ்த்துகிறது, மருந்து கசிந்து உள்ளே போகிறது. குலெர்வோ ஹின்னினென் குழு 2001-இல் முயலின் மூளையில் இதைச் செய்து காட்டியது. 2015-இல் டொராண்டோ சன்னிபுரூக் மருத்துவமனையில், மண்டையைத் திறக்காமலே, மூளைக் கட்டி கொண்ட ஒரு நோயாளிக்கு கீமோ மருந்து இப்படிக் கொடுக்கப்பட்டது.

சிக்கல் அளவில் இருக்கிறது. அலை மெலிந்தால் சுவர் நெகிழாது. மிஞ்சினால் குமிழி வெடித்து, குழாய் கிழிந்து, ரத்தம் கசியும். சரியான அளவு என்று ஒன்றை எழுதி ஒட்டிவைக்கவும் முடியாது. ஆளுக்கு ஆள் மண்டையோட்டின் கனம் வேறு. ஒரே கட்டியின் நடுவில் ஓடும் ரத்தம் வேறு, ஓரத்தில் ஓடுவது வேறு. ஏற்றிய குமிழிகளும் நிமிடத்துக்கு நிமிடம் குறைந்துகொண்டே போகும்.

என்ன செய்வது? குமிழியையே கேட்பது. 220 கிலோஹெர்ட்ஸ் அலையை அனுப்பினால், குமிழி நிதானமாக ஆடும்போது அதன் பாதியான 110-லும், ஒன்றரை மடங்கான 330-லும் மெல்லிய முனகல் எழும். வெடிக்கத் தொடங்கினாலோ எல்லா அலைவரிசையிலும் ஒரே இரைச்சல். 2012-இல் மீகன் ஓரைலியும் ஹின்னினெனும் ஒரு கட்டுப்பாட்டு முறையை எலிகளில் சோதித்தார்கள். அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போவது. முனகல் கேட்ட கணத்தில் சுமார் பாதிக்கு இறக்கி, அங்கேயே நிறுத்துவது. களரி விருந்துக்குச் சோறு வேகும்போது, தேக்சா மூடியைத் திறக்காமல் கொதிக்கிற சத்தத்தை வைத்தே விறகை இழுக்கும் பண்டாரியின் வேலைதான் இது. அந்தக் கருவியில் செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லை, நல்ல காதும் ஒரு எளிய விதியும் போதுமாயிருந்தன. "ஏஐ சிகிச்சை" என்ற பேச்சில் இந்தக் காதுக்கு உரிய மரியாதை கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

அப்படியானால் ஏஐ எங்கே வருகிறது? முனகலைக் கேட்டபின் திருத்துவதற்குப் பதிலாக, அடுத்த துடிப்பில் குமிழி என்ன செய்யும் என்று முன்கூட்டியே கணிப்பதில். ஜார்ஜியா டெக்கில் காஸ்டாஸ் அர்வனிடிஸ் குழு போன்றவர்கள் இந்தக் கட்டுப்பாட்டுத் திசையில்தான் உழைக்கிறார்கள். இன்னொரு இடம், மண்டையோடு. தலையைச் சுற்றி அமர்த்தும் கவசத்தில் 1,024 ஒலிமுனைகள். எலும்பு ஒவ்வொரு அலையையும் வெவ்வேறு அளவு தாமதப்படுத்தும். எல்லா அலைகளும் ஒரே புள்ளியில் ஒரே நேரத்தில் சேர, சி.டி. ஸ்கேனை வைத்து முனைக்கு முனை கணக்குப் போட வேண்டும். நுணுக்கமாகப் போட்டால் கணினிக்கு நேரம் பிடிக்கும்; பழக்கப்பட்ட நரம்பியல் வலையமைப்பு அதை நொடிகளுக்குச் சுருக்கப் பார்க்கிறது.

பழக்கப்பட்டது யாருடைய தலைகளில் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. மண்டையோட்டில் உள்ளிருக்கும் பஞ்சு எலும்புக்கும் வெளிக் கெட்டி எலும்புக்கும் உள்ள அடர்த்தி விகிதம் குறைந்தால் அலை உள்ளே போகச் சிரமப்படும். ஜப்பானிலும் கொரியாவிலும் இந்த விகிதம் குறைந்தவர்கள் கணிசம் என்று அங்குள்ள மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். தாமிரபரணிக் கரைத் தலைகளின் ஸ்கேன் எத்தனை அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும்? ஆளுக்கேற்ற சிகிச்சை என்று சொல்லும் கருவிக்கு நம் ஆளைத் தெரிந்திருக்க வேண்டாமா?

பலன்? நார்வேயின் பெர்கன் நகரில் கணையப் புற்று கொண்ட 10 பேருக்கு ஜெம்சிட்டபின் மருந்தோடு குமிழியும் அல்ட்ராசவுண்டும் கொடுத்தார்கள். 2016-இல் வந்த முடிவில் இடைநிலை ஆயுள் 17.6 மாதம், முன்பு மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு 8.9. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் 10 பேர்தான். ஒப்பிட்டது பழைய நோயாளிகளின் பதிவேட்டோடு. ஆக்ஸ்ஃபோர்டில் கான்ஸ்டன்டின் குஸியோஸ் குழு குமிழியைத் தொடாமல் வேறு வழி போனது. சூட்டில் திறக்கும் கொழுப்புறைக்குள் மருந்தை அடைத்து ஏற்றி, கல்லீரல் கட்டியை மட்டும் ஒலியால் லேசாகச் சூடாக்கினார்கள். கட்டியில் சேர்ந்த மருந்து சராசரியாக 3.7 மடங்கு ஆனது. அதுவும் 10 பேர். சிகாகோவில் 2023-இல் வெளியான ஆய்வு இன்னொன்றைச் சொல்லிக்கொடுத்தது: மூளையில் நெகிழ்ந்து திறந்த குழாய்ச் சுவர் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் மூடிக்கொள்கிறது. மருந்து வரத் தாமதமானால் கதவு சாத்தியிருக்கும்.

நம் நாட்டில், கோவை ராயல் கேர் மருத்துவமனையில் குவி அல்ட்ராசவுண்டு கருவி இருக்கிறது. ஆனால் அங்கே செய்வது கை நடுக்கத்துக்குக் காரணமான மூளைப் புள்ளியைச் சூட்டால் கருக்குவது, மருந்து இறக்குவதல்ல. மருந்துப் பக்கம், ஐ.ஐ.டி. பம்பாயில் ரிந்தி பானர்ஜி குழு மருந்து சுமக்கும் நானோகுமிழிகளை உருவாக்கியிருக்கிறது, ஐ.ஐ.டி. காந்திநகரில் ஹிமான்ஷு சேகர் குமிழியின் ஒலியையே ஆராய்கிறார். இரண்டும் ஆய்வுக்கூட வேலை.

இடையில் நம் நாட்டுக்கே உரிய ஒரு முட்டுக்கட்டையும் உண்டு. சிசுவின் பாலினம் அறியப் பயன்படக்கூடிய எந்த ஸ்கேன் கருவியும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். எம்.ஆர்.ஐ.க்குப் பதிலாகச் சிறிய ஸ்கேனரை வழிகாட்டியாக வைத்து, விலை குறைந்த சிகிச்சைக் கருவி ஒன்று வந்தால், அதுவும் இந்தக் கெடுபிடிக்குள் வரக்கூடும். சட்டம் வந்த காரணம் நமக்குத் தெரியும், குறை சொல்லவில்லை. கருவி செய்கிறவர்கள் இப்போதே யோசிக்க வேண்டிய சங்கதி.

ஆக, அந்த லாத்தாவுக்கு என்ன பதில்? இப்போதைக்குக் கீமோவை நிறுத்திவிட்டு இதற்காகக் காத்திருக்கக் கூடாது. யாராவது "எங்களிடம் இருக்கிறது" என்றால், சோதனைச் சிகிச்சையா என்று முதலில் கேட்க வேண்டும். சோதனை என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் அதற்கு ஒரு எண் இருக்கும். 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம், வீட்டில் கல்லூரி போகும் பிள்ளை இருந்தால் ஐந்து நிமிட வேலை. வழக்கமான சிகிச்சைக்கு மேல், ஆய்வுக்காக ஆகும் செலவை நோயாளி தலையில் கட்டக் கூடாது என்கின்றன ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள். லட்சக்கணக்கில் முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். கையெழுத்துக்கு நீட்டும் ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் கேட்க வேண்டும். புரிகிற மொழியில் கொடுப்பது அவர்கள் கடமை. வீட்டுக்கு எடுத்துப் போய், படித்து, நாலு பேரிடம் கேட்டுவிட்டு மறுவாரம் வருகிறேன் என்று சொல்லவும் அந்தப் பையைத் தூக்கி வந்தவருக்கு உரிமை இருக்கிறது.